கோல்ஃப் டூரா? தனியாப் போங்க சாமி!

முதல்லயே சொல்லிடறேன். ஸ்காட்லாந்து வரைக்கும் போய், செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஆறு ராத்திரி தங்கி, அந்த உலகப் புகழ் ஓல்டு கோர்ஸ்ல ஒரு பந்து கூட அடிக்காம திரும்பி வந்தவன் நான். அதனால இதை வயித்தெரிச்சல்ல எழுதறான்னு நீங்க நினைச்சா தப்பு சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கு. இருந்தாலும் சொல்ல வந்தது இதுதான்: முதல் தடவையா வெளிநாடு போய் கோல்ஃப் ஆடணும்னு ஆசை வந்தா, நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு பேக்கேஜ்ல போகாதீங்க. தனி ஆளா போங்க.

"கோல்ஃபா? நீயா?"ன்னு சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டு முடிச்சாச்சு, அதனால நீங்களும் கேட்க வேணாம். பரம்பரைப் பணக்காரன் எல்லாம் இல்லீங்க. பெங்களூர்ல பொட்டி தட்டறவன். 2022-ல ஆபீஸ் டீம் அவுட்டிங்னு ஒரு டிரைவிங் ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போனாங்க. ஒரே இடத்துல நின்னு ஒரு பக்கெட் பந்தை அடிச்சுத் தள்ற இடம் அது. முதல் இருபது பந்துல பத்து காத்துல வீசினது, ஒன்பது தரையில உருண்டது. இருபதாவது பந்து எப்படியோ பட்டு, வளையாம நெளியாம நேரா போய் தூரத்துல விழுந்துச்சு. அந்த ஒரு பந்துதான் இத்தனைக்கும் காரணம். இந்த விளையாட்டுல சிக்கினவங்க எல்லார்கிட்டயும் இப்படி ஒரு பாழாப்போன இருபதாவது பந்து கதை இருக்கும் :-)

அப்புறம் என்ன, சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ரேஞ்சுல நிக்கற ஒரு கும்பல் சேர்ந்துச்சு. எட்டு பேர். ஆறு பேர் நம்மள மாதிரி ஆணி புடுங்கறவங்க, ஒருத்தர் பல் டாக்டர், ஒருத்தர் என்ன வேலை பாக்கறார்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. வார நாள்ல வெளியாளும் காசு கட்டி ஆடலாம்ங்கற ஒரு கோர்ஸ் ஊருக்கு வெளியே இருக்கு. லீவு போட்டுட்டு அங்க போய் ஆடுவோம்.

எனக்கு நிஜமா ஆடச் சொல்லிக் கொடுத்தது அங்க இருக்கற ஒரு கேடி அண்ணன்தான். (கேடின்னதும் போலீஸ் ஸ்டேஷன் போர்டுல ஒட்டியிருக்கற போட்டோ ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. பை தூக்கிட்டு கூட வர்றவர், எந்தக் குச்சில அடிக்கணும்னு சொல்றவர்.) ஓசூர் பக்கத்துக்காரர். பதிமூணு வயசுல பை தூக்க ஆரம்பிச்சவருக்கு இப்ப நாற்பத்தஞ்சு இருக்கும். புல் எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு நின்ன இடத்துலேர்ந்தே சொல்லிடுவார். கோர்ஸுக்கு உள்ள என்னை "சார்"ம்பார். வெளியில டீக்கடைக்கு வந்துட்டா "தம்பி". கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரியாதை, இந்தப் பக்கம் ஒரு பாசம்.

அவர் ஆடறதைப் பாத்தா அங்க காசு கட்டி ஆடற முக்கால்வாசிப் பேர் குச்சியைக் கீழ வெச்சுடுவாங்க. ஆனா அவர் திங்கட்கிழமை மட்டும்தான் ஆட முடியும். பல கோர்ஸ்ல திங்கள்தான் பராமரிப்பு நாள், அன்னிக்கு கேடிங்க ஆடிக்கலாம்னு ஒரு ஏற்பாடு. மத்த ஆறு நாளும் அவர் பை தூக்கறவர்தான். இது ஏதோ எங்க ஊர் கதைன்னு நினைக்காதீங்க. 2009-ல இந்தியன் ஓபன் ஜெயிச்ச பெங்களூர் முனியப்பா, கேடியா இருந்து வந்தவர். 2008-ல இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயிச்ச எஸ்.எஸ்.பி. சௌராசியாவோட அப்பா, ராயல் கல்கத்தா க்ளப்ல புல் பராமரிக்கற வேலை பாத்தவர். நம்ம நாட்டு கோல்ஃபோட நல்ல பாதி வேலிக்கு வெளியேர்ந்து எட்டிப் பாத்து வளர்ந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2025 ஜனவரில கும்பல்ல பேச்சு கிளம்புச்சு. "ஒரு தடவையாவது செயின்ட் ஆண்ட்ரூஸ் போகணும்டா." ஒருத்தர் ஒரு டிராவல் கம்பெனி பேக்கேஜ் பிடிச்சுட்டு வந்தார். ஆளுக்கு ஐந்தரை லட்சம், ஆறு நாள், நாலு நட்சத்திர ஓட்டல், தனி வேன், ஓல்டு கோர்ஸ்ல ஒரு ரவுண்டு உறுதி. அந்த "உறுதி"க்குத்தான் பாதி காசு. ஏன்னா ஓல்டு கோர்ஸ்ல சாதாரணமா போய் கவுன்ட்டர்ல காசு நீட்டி ஆடிட முடியாது.

வீட்ல இதைப் பேசினப்ப நடந்ததைச் சொல்லியே ஆகணும். "டீ டைம் கிடைக்கறதுதான்பா கஷ்டம்"னேன். அப்பா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கி, "டீ குடிக்கறதுக்குமாடா அந்த ஊர்ல வரிசை?"ன்னார். ஆட்டம் ஆரம்பிக்கற நேரத்துக்குத்தான் அந்தப் பேர்னு விளக்கினேன். "எவ்வளவு?"ன்னார். சொன்னேன். பேப்பரை மறுபடி தூக்கினவர் அன்னிக்கு ராத்திரி வரைக்கும் இறக்கலை.

ஐந்தரை லட்சம் என்கிட்ட இல்லைங்கறது ஒரு காரணம், ஒத்துக்கறேன். ஆனா எக்ஸெல் ஷீட் போட்டு உக்காந்தப்ப (நாமதான் எதுக்கெடுத்தாலும் எக்ஸெல் போடற ஜாதியாச்சே) வேற ஒண்ணு உறுத்துச்சு. கோல்ஃப்ல ஒரு குழுவுக்கு அதிகபட்சம் நாலு பேர். நாலு நண்பர்கள் ஒண்ணா போனா குழு ஃபுல்லு. அஞ்சாவது ஆள் உள்ள வர்றதுக்கு இடமே கிடையாது. சனிக்கிழமை ரேஞ்சுல பேசற அதே அப்ரைசல், அதே வீட்டு லோன், அதே மேனேஜர் புராணத்தை எட்டாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் குளிர்ல பேசுவோம். அதுவே தனியா போனா, ரெண்டு பேரோ மூணு பேரோ ஆடற குழுவுல நம்மளை ஒட்ட வெச்சுடுவாங்க. நாலு மணி நேரம் முன்ன பின்ன தெரியாதவங்களோட நடக்கணும். அவங்களும் இந்தப் பைத்தியம் பிடிச்சவங்க. எந்த ஊர், என்ன வேலைன்னு தெரியறதுக்கு முன்னாடி அவங்க பந்து எந்தப் பக்கம் வளையும்னு நமக்குத் தெரிஞ்சுடும். வேற எந்த விளையாட்டுல இது நடக்கும் சொல்லுங்க? கிரிக்கெட்ல லார்ட்ஸுக்குப் போய் "நான் ஒருத்தன் வந்திருக்கேன், சேத்துக்கங்க"ன்னா சேத்துப்பாங்களா?

கும்பல்ல நாலு பேர் பேக்கேஜ் எடுத்தாங்க, மே மாசம் கிளம்பினாங்க. நான் வரலைன்னதும் "கஞ்சப் பய"ன்னு பட்டம். பரவால்லை.

நான் ஜூலைல போனேன். செலவு மொத்தம் இரண்டரை லட்சம் சொச்சம். அதுவும் பெரிய காசுதான், மறைக்கலை. விமான டிக்கெட்டும் தங்கறதும்தான் பெரும்பகுதி. தங்கறதுக்கு ஒரு வழி சொல்றேன்: கோடை லீவுல செயின்ட் ஆண்ட்ரூஸ் யூனிவர்சிட்டி அவங்க ஹாஸ்டல் ரூம்களை வெளியாளுங்களுக்கு வாடகைக்கு விடுது. சுத்தமா இருக்கும், ஓட்டலை விட எவ்வளவோ மலிவு. பை முழுக்க பதினாலு குச்சியையும் தூக்கிட்டுப் போகாதீங்க. ஏழு போதும். காத்து அடிக்கற அடியில எதை எடுத்தாலும் கணக்கு தப்பும்.

இன்னொண்ணு, ஹேண்டிகேப் சான்றிதழ். நம்ம ஆட்டத் திறமைக்கு ஒரு எண் போட்டு அதிகாரப்பூர்வமா தர்றது. அது இல்லாம ஓல்டு கோர்ஸ் பக்கம் பேச்சே கிடையாது. கிளம்பறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அந்த வேலையை ஆரம்பிச்சுடுங்க. நான் கடைசி நேரத்துல வாங்கி, விசா டென்ஷனை விட இதுல அதிகம் டென்ஷன் ஆனேன்.

நேரா செயின்ட் ஆண்ட்ரூஸ் போகலை. எடின்பரோவில இறங்கி, முதல்ல பக்கத்துல இருக்கற மசல்பரோ போனேன். குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவுல ஒன்பது குழி கோர்ஸ். 1672-ல அங்க கோல்ஃப் ஆடினதுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கு. 1874-லேர்ந்து 1889 வரைக்கும் ஆறு தடவை ஓபன் போட்டி நடந்த இடம். இன்னிக்கு பாத்தா நம்மூர் கார்ப்பரேஷன் கிரவுண்ட் மாதிரி அடக்கமா கிடக்கு. உலகம் பூரா கோல்ஃப் குழியோட அகலம் நாலே கால் இஞ்ச் இருக்கே, அந்த அளவுல குழி வெட்டற பழைய கருவி மசல்பரோவோடது, 1829-ல செஞ்சது. அதே 1829-லதான் நம்ம கல்கத்தாவில க்ளப் ஆரம்பிச்சாங்க. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் ரொம்பப் பழசு. அந்த வருஷம் என்ன முகூர்த்தமோ!

அங்க ஹிக்கரி மரத்துல செஞ்ச பழங்காலக் குச்சியை வாடகைக்குத் தர்றாங்க. நானும் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவரும் சேர்ந்து ஆடினோம். எழுபது வயசு இருக்கும். நான் என் பந்தைத் தூக்கித் தூக்கி அடிக்கறதை ரெண்டு குழி பொறுமையா பாத்தார். மூணாவதுல என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி, பட்டரைக் கொடுத்தார். பட்டர்னா கிரீன்ல பந்தை மெதுவா உருட்டறதுக்கானது. நாம இருந்ததோ கிரீனுக்கு நாற்பது கஜம் வெளியே. "உருட்டு"ன்னார், சைகையில. உருட்டினேன். மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி கொடிக்கு ஆறடியில போய் நின்னுச்சு. கடலோர மணல் பூமி, புல் கட்டையா, தரை கெட்டியா இருக்கும். ஆகாசத்துல போற பந்து காத்தோட சொத்து, தரையில போறது நம்ம சொத்துங்கற மாதிரி ஏதோ சொன்னார். அவர் பேசின இங்கிலீஷ் பாதி புரியலை. ஆனா மூணு வருஷமா வீடியோ பாத்துக் கத்துக்காததை அந்த மனுஷர்கிட்ட மூணு குழியில கத்துக்கிட்டேன். வேன்ல வந்து இறங்கற நாலு பேரை இப்படி யாரு வந்து திருத்துவா?

செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. ஸ்டேஷனை 1969-ல மூடிட்டாங்க. லூக்கர்ஸ்னு ஒரு சின்ன ஸ்டேஷன்ல இறங்கி 99-ம் நம்பர் பஸ் பிடிக்கணும். எடின்பரோவிலேர்ந்து வர்ற வழியில 1890-ல கட்டின ஃபோர்த் பாலம். ஜன்னல் சீட் பிடிங்க.

இனி அந்தக் குலுக்கல் கதை. ஓல்டு கோர்ஸ்ல ஆட இடங்கள்ல ஒரு பகுதியை தினமும் குலுக்கல்ல விடறாங்க. ரெண்டு நாள் முன்னாடி பேர் கொடுக்கணும், குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். தனி ஆளுக்கு வேற வழி. முன்னாடியெல்லாம் ராத்திரி பூரா கோர்ஸ் வாசல்ல குளிர்ல வரிசைல நிப்பாங்களாம், நம்ம ஊர்ல முதல் நாள் முதல் ஷோவுக்கு நின்ன மாதிரி. 2024-லேர்ந்து அதை மாத்தி, முந்தின நாள் நேர்ல போய் பேர் பதிஞ்சா சாயங்காலம் குலுக்கிச் சொல்றாங்க. ஆடறதுக்கு 2025 சீசன் கட்டணம் 340 பவுண்டு, நம்ம காசுக்கு 39 ஆயிரம் கிட்ட. குலுக்கல்ல விழலைன்னா அந்தக் காசு மிச்சம்னு என் எக்ஸெல்ல ஒரு காலமே வெச்சிருந்தேன், மனசைத் தேத்திக்க.

செவ்வாய் பேர் கொடுத்தேன், விழலை. புதன் கொடுத்தேன், விழலை.

அதுக்காக ரூம்ல குப்புறப் படுத்துக்கலை. அந்த ஊர்ல ஓல்டு கோர்ஸைத் தவிர இன்னும் ஆறு பொது கோர்ஸ் இருக்கு. அதுல 'நியூ' கோர்ஸ்னு ஒண்ணு, பேர்தான் புதுசு, வயசு 1895. புதன்கிழமை அதுல ஒரு நர்ஸ் அம்மா, அவங்க பையனோட என்னை ஒட்ட வெச்சாங்க. ரெண்டு பேரும் டண்டீக்காரங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்திருந்தாங்க அந்தம்மா. மூணு மணி நேரத்துல பதினெட்டு குழியும் முடிச்சுட்டாங்க. நான் பந்துக்குப் பின்னால நின்னு மூணு தடவை கோணம் பாத்து, நாலு தடவை ஒத்திகை வீசிட்டு இருந்தப்ப, பையன் (பதினஞ்சு வயசு) "பந்து எங்கயும் ஓடாது, அடிங்க"ன்னு ரொம்ப மரியாதையா சொன்னான். டிவி பாத்து வந்த வியாதி இது, நமக்கெல்லாம் இருக்கு.

அன்னிக்கு சாயங்காலம் ஹிமாலயாஸ் போனேன். பேரைப் பாத்து பயப்படாதீங்க, ஓல்டு கோர்ஸை ஒட்டி இருக்கற மேடு பள்ளமான பட்டிங் மைதானம். 1867-ல பெண்கள் ஆரம்பிச்ச பட்டிங் க்ளப்போடது. சில பவுண்டு கொடுத்தா யாரும் ஆடலாம். பாட்டி, பேத்தி, காதல் ஜோடி, அழுவற குழந்தைன்னு நம்ம பொருட்காட்சி மாதிரி இருந்துச்சு. அங்க என்னை மாதிரியே ஒத்தையா ஒருத்தர். கொரியாக்காரர், கப்பல் கட்டற கம்பெனில இன்ஜினியர். அவரும் ரெண்டு நாளா குலுக்கல்ல விழாதவர். ரெண்டு தோத்தாங்குளிங்க சேர்ந்தா ஜோடியாச்சே! வியாழக்கிழமை மதியம் நேரம் முடியறதுக்கு முன்னாடி ஓடிப் போய் சனிக்கிழமைக்கு ஜோடிக் குலுக்கல்ல பேர் கொடுத்தோம்.

அதுவும் விழலை. :-(

ஆனா அந்த நாலு நாள் நாங்க ஒண்ணாதான் சுத்தினோம். வெள்ளிக்கிழமை ஈலின்னு பக்கத்து ஊர் கோர்ஸுக்கு பஸ் பிடிச்சோம். முதல் குழில எதிர்ல ஒரு பெரிய மேடு, முன்னாடி ஆடறவங்க போய்ட்டாங்களான்னு தெரியாது. அதுக்காக என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? எக்ஸ்காலிபர்ங்கற நீர்மூழ்கிக் கப்பலோட பெரிஸ்கோப்பைக் கழட்டிட்டு வந்து ஆட்டம் தொடங்கற குடிசைல நட்டு வெச்சிருக்காங்க! கப்பல் இன்ஜினியருக்கு அதைப் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு. பத்து நிமிஷம் அதை விட்டு நகரலை. பின்னால நின்னவங்க எல்லாம் காத்துக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தரும் முணுமுணுக்கலை. அவரோட இங்கிலீஷும் என்னோட இங்கிலீஷும் சந்திக்கற இடம் ரொம்பக் குறைவு. ஆனா இன்னிக்கும் ஞாயித்துக்கிழமையானா அவர் ஸ்கோர் கார்டு போட்டோ அனுப்புவார், நான் என்னோடதை அனுப்புவேன். யாரோடது மோசம்னு போட்டி.

சனிக்கிழமை ராத்திரி ரூம்ல உக்காந்தப்ப, உண்மையைச் சொல்லிடறேன், வயிறு எரிஞ்சது. பேக்கேஜ்ல போன நாலு பேரும் ஸ்வில்கன் பாலத்துல நின்னு எடுத்த போட்டோவைத்தான் ப்ரொஃபைல் படமா வெச்சிருந்தாங்க. கஞ்சப் பயன்னது சரிதானோன்னு தோணுச்சு. வாழ்க்கைல ஒரே தடவைதான் வருவோம்னு இருக்கறவங்க, நாலு நாள் லீவுக்கு மேல கிடைக்காதவங்க, அந்த 'உறுதி'க்குக் காசு கொடுக்கறதுல தப்பே இல்லைன்னும் தோணுச்சு. அப்பறம் அவங்கள்ல ஒருத்தர்கிட்ட, "அங்க யாரைப் பாத்தீங்க, யாரோட பேசினீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, "வேன் டிரைவர் நல்ல மாதிரி"ன்னார்.

ஞாயித்துக்கிழமை ஓல்டு கோர்ஸ் லீவு. சில பெரிய போட்டிகளைத் தவிர எல்லா ஞாயிறும் அங்க ஆட்டம் கிடையாது. மூடிடுவாங்கன்னு நினைச்சா தப்பு. திறந்து விட்டுடறாங்க! அன்னிக்கு அது ஊர்க்காரங்க பூங்கா.

இது ஏன் இப்படின்னா அந்த நிலம் ஊரோடது. 1457-லயே ஸ்காட்லாந்து பார்லிமென்ட் கோல்ஃபைத் தடை பண்ணிச்சு, பசங்க வில்வித்தை பழகாம இதையே ஆடிட்டு இருக்காங்கன்னு. (எங்க அப்பா அப்ப அங்க இருந்திருந்தா ஓட்டு போட்டிருப்பார்.) தடை எடுபடலை. 1552-ல ஆர்ச்பிஷப் ஹாமில்டன் அந்தக் கடலோர நிலத்துல ஆட ஊர் ஜனங்களுக்கு உரிமை இருக்குன்னு சாசனமே எழுதிக் கொடுத்தார். 1797-ல நகரசபை கடன்ல மூழ்கி நிலத்தைக் கை மாத்திடுச்சு. வாங்கினவங்க முயல் வளர்க்க ஆரம்பிச்சாங்க. முயல் பூராத்தையும் தோண்டி வெச்சா எப்படி ஆடறது? இருபது வருஷத்துக்கு மேல கோல்ஃப்காரங்களுக்கும் முயல்காரங்களுக்கும் சண்டை, கோர்ட்டு, வழக்கு. 1821-ல கோல்ஃப் பிரியரான ஒரு நிலச்சுவான்தார் வாங்கினதும்தான் முடிஞ்சது. 1894-ல சட்டம் போட்டு ஊரே திரும்ப வாங்கிச்சு. 1974-லேர்ந்து ஒரு டிரஸ்ட் நடத்துது.

அங்க மட்டும் சமத்துவபுரம்னு சொல்ல வரலை. அந்த முதல் டீக்குப் பின்னால கம்பீரமா நிக்கற கட்டடத்துக்குச் சொந்தக்காரங்களான ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் க்ளப் 1754-லேர்ந்து இருக்கு, பெண்களை உறுப்பினரா சேத்துக்க 2014 ஆச்சு. வெளியூர்க்காரன் கிட்ட வாங்கற 340 பவுண்டைப் பத்தியும் ஏற்கனவே அழுதாச்சு. ஆனா க்ளப் வேற, நிலம் வேற. உள்ளூர்க்காரங்களுக்கு வருஷச் சீட்டு உண்டு. அந்த ஊர்ல குடியிருக்கற ஒரு கேடி, அதே சீட்டை வாங்கி, தான் நேத்து பை தூக்கின கோர்ஸ்ல இன்னிக்கு ஆடலாம். அதுக்குத் திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம்.

காலைல பதினோரு மணிக்கு நடக்க ஆரம்பிச்சேன். ஸ்வில்கன் பாலத்துல ஒரு குடும்பம் உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. ஃபேர்வே நடுவுல ஒரு குட்டிப் பையன் சைக்கிள் பழகறான். பதினேழாவது குழிக்கு வந்ததும் கேடி அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். அங்க மதியம் மூணரை. டீக்கடை பெஞ்சுல இருந்தார், அதனால தம்பி.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"ரோடு ஹோல் அண்ணே. பதினேழு. டிவில பாப்போமே, அது."

போனை மெதுவா சுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்பறம், "என்ன தம்பி, நாய் போகுது?"

"ஞாயித்துக்கிழமைண்ணே. யாரு வேணா வரலாம்."

"டிக்கெட்டா?"

"இல்லண்ணே."

"வாட்ச்மேன்?"

"யாரும் இல்ல."

மறுபடி கொஞ்ச நேரம் சத்தமில்லை. சிக்னல் போயிடுச்சோன்னு பாத்தேன். அவர் முகம் அப்படியே திரையில இருந்துச்சு, போனை ரொம்பக் கிட்ட வெச்சுப் பாத்துட்டு இருந்தார்.

"பங்கர் பக்கம் காட்டுங்க."

அந்த ரோடு ஹோல் பங்கரை, மணல் குழியை, ஓரத்துல நின்னு காட்டினேன். பெரிய பெரிய ஆட்டக்காரங்களையே அழ வெச்ச குழி. ஆள் உயரத்துக்கு சுவர் மாதிரி நிக்குது முன்பக்கம்.

"இதுல முன்னால அடிக்கவே கூடாது தம்பி. பின்னாடி எடுத்துடணும். இப்ப கிரீன் ஓரமா போங்க. உள்ள மிதிக்காதீங்க. குனிஞ்சு போனைத் தரைகிட்ட வெச்சுக் காட்டுங்க. இன்னும் கீழ."

ஈரப் புல்லுல மண்டி போட்டு, போனைத் தரையோட தரையா வெச்சேன். அந்தப் பக்கம் நடந்து போன ஒரு பெரியவர் எதையோ தொலைச்சுட்டேன்னு நினைச்சு, தேடிக் கொடுக்கட்டுமான்னு கேட்டார்.

"நேரா தெரியுது பாருங்க, ஆனா நேரா இல்ல," அண்ணன் போன்லேர்ந்து சொன்னார். "வலது பக்கம் இழுக்கும். ரெண்டு கப்பு இடது பக்கம் விட்டு மெதுவா. நம்ம கோர்ஸ்ல பன்னெண்டாவது கிரீன் இதே மாதிரிதான். நாளைக்கு திங்கக்கிழமைல்ல, அடிச்சுப் பாத்துட்டு சொல்றேன்."